நீர்க்கழிவு

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
மீன் எடை போடுகிறவன் நான்.
படகில் எண்பது கிலோ என்று தூக்கிய கேரை
ஏலத்தட்டில் எழுபத்தெட்டரை நிற்கும்.
ஐஸ் உருகியிருக்கும், வால் சொட்டியிருக்கும்.
குறைந்ததை எழுத என் நோட்டில் ஒரு கட்டம் உண்டு.
‘நீர்’ என்று போடுவேன்.
இருபத்திரண்டு வருடமாக யாரும் கேட்டதில்லை.

டெல்பின் கேட்டாள்.
சின்னத்துறை எஸ்தாக்கியின் மகள்,
ஐந்தாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி.
பனி பெய்கிற ஏதோ தேசத்தில் தரைக்கடியில்
துகளோடு துகளை மோதவிட்டுச்
சிதறியதை எல்லாம் கூட்டிப் பார்க்கிறவள்.
“அங்கேயும் தராசுதாண்டே நேவிஸ்.
போன ஆற்றல் இவ்வளவு, வந்தது இவ்வளவு.
ரெண்டும் ஒக்கணும்.
ஒக்கவில்லை.”

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார்களாம்.
கம்பிகளைக் கழற்றி மாட்டினார்கள்.
நிலா இழுக்கிற இழுப்பில் பாறை அசைகிறதா,
தூரத்தில் ரயில் போகிறதா என்றுகூடப் பார்த்தார்கள்.
பதினொரு மாதம்.
குறை குறையவே இல்லை.
நாலாயிரத்துச் சொச்சம் மோதலில்
அதே இடம், அதே அளவு.
“தப்பு என்றால் நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும்.
இது ஒரே மாதிரி இருந்தது.
தப்பு இல்லை, எதுவோ தப்பிப் போகிறது.”

சுவரில் முட்டாமல், விளக்கை மறைக்காமல்
மலைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ஒன்று.
பத்திரிகைகள் அதற்குக் கிரேக்க எழுத்தொன்றைச் சூட்டின.
எங்கள் ஊர் ‘குறைச்சல்’ என்றது.

ரேஷனில் சீனி ஐம்பது கிராம் குறைந்தால்
“டெல்பினுக்க துகளு கொண்டு போச்சு” என்றான் கடைக்காரன்.
பாலத்தில் கட்சிக்காரர்கள் வைத்த பேனரில்
அவள் முகத்தைவிடத் துகள் பெரிது, பச்சை நிறம்.
பங்குத்தந்தை பிரசங்கத்தில் அதைக் கடவுளோடு முடிந்தபோது
முதல் வரிசையில் இருந்து அவள் தலையை ஆட்டி மறுத்ததை
நான் மட்டும் பார்க்கவில்லை.
மணவாளக்குறிச்சியில் இருந்து வந்த ஒருவர்
மணல் எடுக்கிற இடத்தில் தம்பியைப் புற்றுக்குக் கொடுத்தவர்,
இதுவும் உடம்புக்குள் புகுமா என்றார்.
“இப்போதும் புகுந்து போய்க்கொண்டிருக்கும்.
ஒன்றும் செய்யாது.”
“ஒன்றும் செய்யாததுக்கா இத்தனை கோடி?”
கூட்டம் சிரித்தது. அவளும்.
அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் துறைக்கு வந்தாள்.
ஏலம் தொடங்க நேரமிருந்தது.
சும்மா இருக்காமல் என் பழைய நோட்டுகளைப் புரட்டினாள்.
கார்த்திகைப் புயல் அடித்த வருடத்தில் விரல் நின்றது.
படகு: விடிவெள்ளி.
போனவர் பதினொன்று.
வந்தவர், ஒரு கோடு.
கடைசிக் கட்டத்தில், என் கையெழுத்தில்:
நீர்.

கட்டத்தைக் காலியாக விடாதே,
ஏதாவது எழுது என்று அதிகாரி நின்ற நாள் அது.
என் மச்சினன் ராபின்ஸ்டன் அந்தப் பதினொன்றில் ஒருவன்.

நான் கேட்டேன்:
“உன் கணக்குப்படி, காணாமல் போனது
எங்கேயோ இருக்கு என்றுதானே?”
நோட்டை மூடினாள்.
“அந்தக் கணக்கு இங்கே செல்லாதுடே.”
வெகுநேரம் கழித்து:
“தெரியாது என்று எழுத
உங்களுக்குக் கட்டம் இல்லையா?”

அவள் போய் ஒன்பது நாள்.
இன்று காலை ஒரு திரச்சி.
படகுக்காரன் சொன்னதற்கு மூன்று கிலோ குறைவு.
ஐஸ் உருகவில்லை. வாடைக்காற்று.
கல்லைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
தட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன்.
மறுபடி மூன்று கிலோ.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.
ஏலக்காரன் கத்துகிறான்:
எழுதுடே, வண்டி நிக்கு.